பூட்டிய கோப்புறை சொன்ன பெயர்

ஓய்வு பெற்று வீட்டோடு இருக்கத் தொடங்கிய புதிதில் ஒரு நாள், பேசாலையில் எங்கள் குசினியில் சூடை மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். கைபேசி சத்தம் போட்டது. றிஸ்வான் சம்பளக் கோப்பைத் திருத்தியிருக்கிறார் என்றது. மீனைத் திருப்பிப் போட்டேன். மறுபடியும் சத்தம். டிலானி ‘புதிய மோட்டார் சைக்கிள் தேவை’ என்றொரு கோப்பைத் தொடங்கியிருந்தாள். மற்றப் பக்கம் பொரிவதற்குள் அதன் பெயரை ‘புதிய மோட்டார் சைக்கிள் மிக அவசரத் தேவை’ என்று மாற்றினாள். மீன் கருகிவிட்டது.

“வேலையை விட்டிட்டு வந்தனீ எண்டல்லோ சொன்னனீ?” என்றார் கருகிய மீனைப் பார்த்த என் கணவர்.

கந்தோரில், அதாவது நான் வேலை செய்த அலுவலகத்தில், என் இடத்துக்கு வந்திருக்கும் பிள்ளைதான் டிலானி. உடனே அவளைக் கூப்பிட்டேன்.

“பிள்ளை, என்ர பேரை இன்னும் எடுக்கேல்லையோ?”

“இல்லை மிஸ். உங்களுக்கு எங்கட ஞாபகம் இருக்கட்டும் எண்டு விட்டனாங்கள்.”

“ஞாபகத்துக்கு ஒரு படம் அனுப்புங்கோ. சம்பளக் கோப்பு அனுப்பாதேங்கோ.”

அவள் சிரித்தாள். பிறகு, நான் கந்தோரில் இருந்த காலத்தில் என் முகத்துக்கு நேரே யாரும் கேட்காத கேள்வியைக் கேட்டாள். “மிஸ், கோபிக்காதேங்கோ. ஏன் நீங்கள் எப்பவும் இந்த அறிவித்தல்களோட சண்டை பிடிச்சனீங்கள்? உங்களை மணிக்குப் பகையாளி எண்டு இங்க பகிடி பண்ணுறவை.”

எழுதித் தருகிறேன் என்றேன். இனி அவளுடைய மேசையில் இருந்து வரும் எந்தச் சத்தமும் எனக்குக் கேட்காது என்ற நிபந்தனையோடு எழுதுகிறேன்.

நான் படித்த கதை பெரிதாக ஒன்றுமில்லை. தாழ்வுபாட்டில் மீன்பிடிக் குடும்பம். யாழ்ப்பாணத்தில் கணினி டிப்ளோமா. பாதி நாட்கள் மின்சாரம் இல்லாதபடியால் விசைப்பலகையைக் கடதாசியில் வரைந்து வைத்து விரல் பழகினோம். அந்தக் கடதாசி ஒருபோதும் பழுதாகவில்லை. அதன்பின் நான் தொட்ட எந்த இயந்திரத்தைப் பற்றியும் அப்படிச் சொல்ல முடியாது. கொழும்பில் சில வருடங்கள் வேலை செய்துவிட்டு, போர் முடிந்த பிறகு மன்னார்ப் பட்டினத்தில், வீடிழந்தவர்களுக்கு வீடு கட்டிக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் கணினிப் பொறுப்பாளராகச் சேர்ந்தேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். வாடகை வீடொன்றுதான் கந்தோர். எல்லோருடைய கோப்புகளையும் ஒரே இடத்தில் வைத்திருக்கும் சேர்வரை அந்த வீட்டின் பழைய குளியலறையில் வைத்திருந்தோம். தண்ணீர்க் குழாயைக் கழற்ற வீட்டுக்காரர் விடவில்லை. ஆகவே நிறுவனத்தின் முழு மூளையும் ஒரு குழாய்க்குக் கீழே இருந்தது. உப்புக் காற்று இணைப்புகளைத் தின்றது. ஒரு மழைநாள் விறாந்தையில் ஏறி ஒதுங்கிய கழுதையொன்று இணையக் கம்பியைக் கடித்துத் துண்டாக்கியது. தலைமையகத்துக்குக் காரணத்தை எழுதினேன். நம்பவில்லை, படம் கேட்டார்கள். கழுதை படத்துக்கு ஒழுங்காக நின்றது.

எங்கள் பணிப்பாளர் லெம்பேட் ஐயா. மெலிந்த மனிதர். மன்னார் வெயிலிலும் நீளக்கைச் சட்டையைக் கணுக்கை வரை பூட்டியிருப்பார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதேயில்லை. அவருடைய கோபம் மரியாதையாக வெளியே வரும். மனநிலை நன்றாக இருந்தால் எல்லோரும் ‘நீ’, எல்லோரும் ‘பிள்ளை’. கொஞ்சம் பிழைத்தால் ‘நீங்கள்’. இன்னும் பிழைத்தால், “தயவுசெய்து அந்தக் கதிரையில இருங்கோ.” பெயரோடு ‘அவர்கள்’ சேர்ந்துவிட்டதென்றால் பொருட்களை எடுத்து வைக்கத் தொடங்கலாம். எங்கள் சாரதி ஒரு தடவை வாகனத்தை உப்பளத்துக்குள் இறக்கிவிட்டு வந்தார். ஐயா எழுந்து நின்று, “சாரதி அவர்களே, தாங்கள் களைத்திருப்பீர்கள்” என்றார். அந்த மனிதர் அங்கேயே அழுதுவிட்டார்.

ஐயாவின் மேசையிலும் ஒரு கணினி இருந்தது. அதன்மேல் அவருடைய மனைவி பூத்தையல் போட்ட துணியொன்று மூடியிருந்தது. அந்தத் துணி விலகி நான் பார்த்தது மிக அரிது. எதை விளங்கப்படுத்தப் போனாலும் கையைக் காட்டி நிறுத்துவார். “எனக்கு மெசினைத் தெரியாது பிள்ளை. மனிசரைத் தெரியும். மனிசரை வைச்சுச் சொல்லு.”

மணி வந்ததும் அவரால்தான். அறிக்கை வந்துவிட்டதா, பட்டியல் முடிந்துவிட்டதா என்று நாள் முழுக்க மேசை மேசையாக வந்து கேட்பார். கேட்டுக் கேட்டே எங்களைக் கொன்றுவிடுவார் போலிருந்தது. அப்போதுதான் சேர்வரில் ஒரு வசதி இருப்பதைச் சொன்னேன். கணினியை இயக்கும் பணிசெயல் முறைமையிடம் ஒரு தரம் சொல்லிவைத்தால் போதும். இந்தக் கோப்புறைக்குள் ஏதாவது புதிதாக வந்தால், மாறினால், அழிந்தால், அது தானாகவே சொல்லும். ஒவ்வொரு நிமிடமும் போய்த் தட்டிக் கேட்கத் தேவையில்லை.

“மனிசரை வைச்சுச் சொல்லு.”

“பேசாலைக் கரையில நிக்கிற ஒருத்தரிட்ட, வள்ளம் வந்தால் சொல்லுங்கோ எண்டு சொல்லிட்டு வீட்ட போய்ப் படுக்கிறது ஐயா. நாங்கள் கரைக்கு நடக்கத் தேவையில்லை.”

“நல்ல மனிசன். போடு.”

சின்ன நிரலொன்று எழுதி அவருடைய செயலாளரின் கணினியில் போட்டேன். பொதுக் கோப்புறையில் எது மாறினாலும் திரையின் மூலையில் பெயர் வரும், ஒரு மணி அடிக்கும். கந்தோர் முழுக்க அதற்கு மணி என்றே பெயராகிவிட்டது. கணக்குப் பகுதியில் இருந்த றிஸ்வானும் தனக்கொன்று வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டான்.

அந்த மணிதான் ஒருநாள் எங்களைக் காப்பாற்றியது. இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் நான் கள்ளம் பேசுகிறவளாவேன். வெள்ளிக்கிழமை, ஜும்மாவுக்குப் போகிற அவசரத்தில் றிஸ்வான் மேசையை ஒதுக்கிக்கொண்டிருந்திருக்கிறான். மணி அடித்தது. மறுபடி அடித்தது. பிறகு நிற்காமல் அடிக்கத் தொடங்கியது. எட்டிப் பார்த்தால், வீட்டுத் திட்டக் கோப்புகள் ஒவ்வொன்றாகப் பெயர் மாறிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு பெயரின் வாலிலும் விளங்காத எழுத்துகள். யாரோ மின்னஞ்சலில் வந்த எதையோ திறந்து, கோப்புகளைப் பூட்டிவிட்டுக் காசு கேட்கும் வைரஸை உள்ளே விட்டிருந்தார்கள்.

றிஸ்வான் என்னைக் கூப்பிடவில்லை, யோசிக்கவுமில்லை. குளியலறைக்கு ஓடி வலையமைப்புக் கம்பியைப் பிடுங்கி எறிந்துவிட்டான். நான் போய்ப் பார்த்தபோது கம்பியைக் கையில் பிடித்தபடி நின்றான்.

“மிஸ், நான் எதையோ உடைச்சிட்டன் போல.”

“நல்ல வேலை செய்தாய். இன்னும் கொஞ்சம் உடைச்சிருக்கலாம்.”

ஆயிரக்கணக்கான குடும்பங்களின் காணிப் பத்திரங்களும் அளவுப் படங்களும் அதில் இருந்தன. கொஞ்சத்தைத்தான் இழந்தோம். அதையும் பிரதியில் இருந்து மீட்டேன். ஐயா றிஸ்வானை ‘என்ர ராசா’ என்று கூப்பிட்டார். நான் கேட்ட ஒரே தடவை அதுதான். அடுத்த வாரம் உத்தரவு வந்தது. எல்லா மேசைக்கும் மணி போடவேண்டும். பொதுக் கோப்புறைக்கும் அதற்கு உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும். பல கண் இருந்தால் வைரஸ் தப்பாது என்றார். நியாயமான பேச்சு. போட்டேன்.

இனி மெற்றில்டாவைச் சொல்லவேண்டும். அவள் பாதுகாப்புப் பகுதி அலுவலர். பயனாளிகளில் யாருக்காவது, முக்கியமாகப் பெண்களுக்கு, கொடுமை நடந்தால் கேட்டுப் பதிவதும் துணைபோவதும் அவள் வேலை. அவளுடைய கோப்புறை பொதுக் கோப்புறைக்குள் ஓர் அடுக்குக் கீழே இருந்தது. அதைத் திறக்க அவளுக்கும் பணிப்பாளருக்கும் மட்டும் அனுமதி. என்னாலும் திறக்க முடியாதபடி வேண்டுமென்றே செய்திருந்தேன். திறக்க முடியாதவளிடம் வந்து யாரும் காட்டச் சொல்லிக் கேட்க மாட்டார்கள்.

ஒருநாள் வெள்ளாங்குளம் பக்கத்தில் இருந்து லெட்சுமி என்ற பெண் வந்தாள். அவளுடைய அப்பா அம்மா மலையகத் தோட்டத்தில் இருந்து கலவரத்துக்குத் தப்பி வன்னிக்கு வந்து குடியேறியவர்கள். அவளுக்குக் கூலி வேலை. கணவன் இல்லை, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண் பிள்ளைகள். சுவர் எழும்பி, கூரைத் தகட்டுக்குக் காத்திருந்த வீடு. அந்தப் பகுதிக்குக் கள அலுவலராக இருந்தவன் நேசன். தகடு வேண்டுமென்றால் தான் சொல்லும் இடத்துக்கு அவள் தனியாக வரவேண்டும் என்றிருக்கிறான். அவள் மறுக்க மறுக்க, தகடு வராமலே இருந்தது. மெற்றில்டா கதவைச் சாத்தி வைத்துக் கேட்டாள், பதிந்தாள், “பயப்பிடாதேங்கோ, இது எனக்கும் பெரியவருக்கும் மட்டும்தான் தெரியும்” என்று சொல்லி பஸ் ஏற்றிவிட்டாள்.

மறுநாள் காலை, எங்கள் நிறுவனத்து மோட்டார் சைக்கிளிலேயே நேசன் லெட்சுமியின் வேலிக்கு முன்னால் போய் நின்றான். அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேட்கக் கத்தினான். “என்னைப் பற்றி எழுதிக் குடுத்தனியாமே? கந்தோரில என்ன நடந்தாலும் எனக்கு உடன தெரியும். இனி நீ வீட்டில குடியிருக்கிறதைப் பாப்பம்.”

லெட்சுமி அடுத்த பஸ்ஸிலேயே திரும்பி வந்தாள். அழுதுகொண்டு வந்திருந்தால் எங்களுக்கு லேசாக இருந்திருக்கும். அவள் அழவில்லை. மெற்றில்டாவின் மேசைக்கு முன்னால் நின்றபடி கேட்டாள்.

“ஒங்கள நம்பித்தானேங்க வந்தேன்? ஒரு நாளுகூட ஆவல, அந்தாளுகிட்ட சொல்லிப்புட்டீங்களே. எம்புள்ளைங்க பள்ளிக்கூடம் போற ரோட்டுலதான் அந்தாளு தெனமும் போறான்.”

அறிந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் கணினியைத் துணியால் மூடி வைத்திருப்பவர். மிச்சம் யார் என்று சின்னப் பிள்ளையும் சொல்லும்.

ஐயா அவளைக் கூப்பிட்டார். நான் பக்கத்து அறையில் அச்சு இயந்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். “மெற்றில்டா அவர்களே, தயவுசெய்து அமருங்கள்” என்று கேட்டதும் என் கையிலிருந்த கடதாசி விழுந்தது. கதிரையும் வந்துவிட்டது, ‘அவர்கள்’ என்பதும் வந்துவிட்டது, பேச்சும் எழுத்துத் தமிழாகிவிட்டது. இதற்கு மேலே போக அவருக்குப் படியே இல்லை.

வெளியே வந்தவள் நேராக என் குளியலறைக்கு வந்தாள். அங்கேதான் கந்தோரில் எல்லோரும் அழுவது. சேர்வரின் இரைச்சலில் வெளியே கேட்காது.

“ஜெசிந்தா அக்கா, சத்தியமா நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. என்ர மனிசனுக்குக்கூடச் சொல்லேல்லை. மடு மாதாவுக்கு முன்னால நிண்டும் சொல்லுவன்.”

“மாதாவை விடு. அவவிட்ட பாஸ்வேர்ட் இல்லை. கோப்புக்கு என்ன பேர் வைச்சனீ?”

“பேரிலை என்ன இருக்கு? பூட்டித்தானே இருக்கு?”

“சொல்லன்.”

மூக்கைத் துடைத்தாள். “லெட்சுமி, வெள்ளாங்குளம், நேசன் மீதான முறைப்பாடு.”

நேரே றிஸ்வானிடம் போனேன். அவனுக்கும் மெற்றில்டாவின் கோப்புறைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. முதல் நாள் பின்னேரம் அவனுடைய திரையில் மணி அடித்ததா என்று கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“அடிச்சது மிஸ். அந்தப் பேரும் வந்தது. நான் பாக்கக்கூடாத பேர் எண்டு விளங்கினது. மூடிட்டன். ஆரோடையும் கதைக்கேல்லை.”

அப்படியென்றால் எல்லோருடைய திரையிலும் வந்திருக்கிறது. சிலர் வெளியே போயிருப்பார்கள், சிலர் பார்த்திருக்க மாட்டார்கள், சிலர் றிஸ்வானைப்போல மூடியிருப்பார்கள். நேசன் மூடவில்லை.

பூட்டு நன்றாகத்தான் இருந்தது. நான் போட்ட பூட்டை யாரும் உடைக்கவில்லை. புத்தகங்களைப் புரட்டி உட்கார்ந்து படித்தபோதுதான் முழுவதும் விளங்கியது. மேலே உள்ள கோப்புறையைக் கவனிக்கச் சொல்லி, உள்ளே உள்ளதையும் சேர்த்துக் கவனி என்றால், முறைமை அடியில் இருக்கும் எல்லா மாற்றத்தையும் பெயரோடு சொல்லும். ஒவ்வொரு மாற்றத்துக்கும், கேட்டு வைத்த ஒவ்வொருவருக்கும், வழியில் உள்ள ஒவ்வொரு கதவிலும் இவருக்கு அனுமதி உண்டா என்று பார்த்துப் பார்த்துச் சொன்னால் இயந்திரம் களைத்துவிடும். அதனால் இடைக்கதவுகளில் நிறுத்திப் பார்க்காமல் விடும் உரிமை ஒன்றை எல்லாப் பயனாளர்களுக்கும் ஆரம்பத்திலேயே கொடுத்து வைத்திருக்கிறார்கள். ஒருவர் தனக்கு அனுமதியில்லாத கோப்புறையைத் தாண்டி, அதற்குள் தனக்கு அனுமதியுள்ள கோப்புக்கு நேரே போவதும் இதே உரிமையால்தான். இரண்டு வேலைக்கும் ஒரே உரிமை. வேகத்துக்காகச் செய்த ஏற்பாடு. செய்தவர்கள் முட்டாள்களல்ல. ஆனால் அவர்களுக்கு வெள்ளாங்குளம் எங்கே இருக்கிறதென்று தெரியாது.

மெற்றில்டாவையும் கூட்டிக்கொண்டு ஐயாவிடம் போனேன். சொன்னால் நம்பமாட்டார், காட்டவேண்டும். அவருடைய கணினியின் துணியை நானே எடுத்து மடித்து வைத்தேன். அவருக்கு அனுமதி இருக்கிறபடியால் அவருடைய கணக்கு உதவாது. அனுமதியே இல்லாத புதிய கணக்கொன்றால் உள்ளே போய், மணியைப் போட்டுவிட்டு, மெற்றில்டாவைத் தன் அறைக்குப் போய்ப் பூட்டிய கோப்புறைக்குள் புதிய கோப்பு ஒன்றைத் தொடங்கச் சொன்னேன்.

“என்ன பேரிலை அக்கா?”

“உனக்கு விருப்பமான பேரிலை.”

போனாள். மணி அடித்தது. திரையின் மூலையில், எங்கள் மூக்குக்கு முன்னால், ‘லெம்பேட் ஐயாவின் அநியாயம் ஒன்று’ என்று வந்தது. நான் சுவரைப் பார்த்தேன். மறுபடி மணி. ‘லெம்பேட் ஐயாவின் அநியாயம் இரண்டு.’

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். “இதைத் திறக்கலாமோ?”

திறக்கப் போனேன். அனுமதி இல்லை என்றது.

“உள்ளுக்கு என்ன எழுதியிருக்கெண்டு தெரியாது.”

“தெரியாது ஐயா.”

“தெரியத் தேவையுமில்லையே. எல்லாம் வாசல்லையே எழுதிக் கிடக்கு.” விரலால் அந்த இரண்டு வரிகளையும் காட்டினார். “மூண்டு எழுதமுந்தி அவளைக் கூப்பிடு.”

மெற்றில்டா வந்து கதவடியில் நின்றாள். அவர் எழுந்தார். “பிள்ளை, நீ காலையில இருந்து ஒண்டும் குடிக்கேல்லைப் போல. தேத்தண்ணி போடச் சொல்லு, எனக்கும் சேத்து.” அவ்வளவுதான். மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. ‘நீ’ என்ற சொல் வந்ததே, மெற்றில்டாவுக்கு அது போதும். விம்மி விம்மி அழுதபடி தேத்தண்ணிக்குப் போனாள்.

நேசனையும் அன்றே அழைத்தார்கள். அவன் பயப்படவேயில்லை. “நான் ஒரு கோப்பையும் திறக்கேல்லை. ஒரு பாஸ்வேர்டும் களவெடுக்கேல்லை. நீங்கள் போட்டுத்தந்த மணி அடிச்சது, நான் பாத்தன். இதில என்ன பிழை?” அதில் ஒரு பொய்யுமில்லை, அதுதான் எரிச்சல். லெட்சுமியின் வேலிக்குப் போய் மிரட்டியதற்காக மட்டும் வேலையில் இருந்து இடைநிறுத்தினார்கள். தகட்டு விஷயத்துக்கு விசாரணை.

நான் என் பக்கத்து வேலையைத் தொடங்கினேன். முதலில் அந்த உரிமையை எல்லோரிடமிருந்தும் எடுத்துப் பார்த்தேன். பாதிப் பேரின் கோப்புகள், அவர்களுக்கு அனுமதியில்லாத கோப்புறைகளின் அடியில் இருந்திருக்கின்றன. ஒரே காலையில் எல்லாம் காணாமற்போய், கந்தோர் மீன் சந்தையானது. திருப்பிக் கொடுத்தேன். மணியை முழுதாக நிறுத்தவா என்று கேட்டேன். றிஸ்வான் கையெடுத்துக் கும்பிட்டான். “மிஸ், அண்டைக்கு மணி இல்லாட்டி இண்டைக்கு நாங்களும் இல்லை.” அதுவும் சரி. கோப்புகளுக்குப் பெயருக்குப் பதில் எண் வைத்தேன். பிறகு பார்த்தால், எண்ணும் பேசுகிறது. விறாந்தையில் ஒரு பெண் வந்து உட்கார்ந்திருக்கிறாள், சற்று நேரத்தில் பாதுகாப்புப் பகுதியில் புதிய எண் ஒன்று மணியடிக்கிறது. கூட்டிப் பார்க்கப் பெரிய மூளை வேண்டியதில்லை.

கடைசியில் மெற்றில்டாவின் கோப்புகளைச் சேர்வரிலிருந்தே எடுத்துவிட்டேன். அவளுடைய அறை அலுமாரிக்குள் தனிக் கணினி, யாருடைய மணியும் எட்டாத இடம். அதற்கும் விலை இருந்தது. அங்கே வைரஸ் வந்தால் ஊருக்குச் சொல்ல மணி இல்லை. பிரதியெடுக்க நானே கையால் போகவேண்டும். மெற்றில்டா எண்களைக் குழப்பிக்கொண்டு என்னைத் திட்டினாள். தலைமையகம், தனிக் கணினிக்கு என்ன அவசியம் என்று விளக்கம் கேட்டது. எல்லோரையும் எரிச்சலாக்கிய ஏற்பாடு அது. அதைவிட நல்லதொன்று எனக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியாது. நான் மணிக்குப் பகையாளியானது இப்படித்தான். கேட்கிறவன் யார் என்று பார்க்காமல் அடிக்கிற மணிக்கு மட்டும்.

விசாரணை நகரவில்லை. லெட்சுமி சொல்கிறாள், நேசன் இல்லையென்கிறான். மற்றப் பெண்களிடமும் அவன் இப்படிக் கேட்டிருக்கிறான் என்று லெட்சுமிக்குத் தெரியும். மெற்றில்டா வீடு வீடாகப் போனாள். எல்லோரும் நாய்க்குச் சோறு வைக்கவும் உடுப்புக் காயப்போடவும் எழும்பிப் போனார்கள். எங்கள் கந்தோரில் வாய் திறந்தால் மறுநாள் வேலியடியில் கேட்கும் என்பது ஊரெல்லாம் தெரிந்த விஷயமாகிவிட்டது. இரண்டு வாரத்தில் நேசன் வேலைக்குத் திரும்புவான் என்று பேச்சு அடிபட்டது.

அந்த நேரத்தில் ஒரு புதன்கிழமை லெட்சுமி வந்தாள். புதன் எங்களுக்கு மக்கள் சந்திப்பு நாள். கூடத்தில் உட்காரும் வாங்கு நிறைய, தரை நிறைய, பல ஊர்ச் சனம். வெள்ளாங்குளத்துப் பெண்களும் ஒரு மூலையில், லெட்சுமியைப் பார்த்தும் பார்க்காத மாதிரி. மெற்றில்டா அவளை அறைக்குள் கூட்டிப்போய் என்னையும் கூப்பிட்டாள். அலுமாரியைத் திறந்து, நான் செய்து வைத்திருந்ததைப் பெருமையாகவே காட்டினேன்.

“இனி உங்கட பேர் எங்கயும் வராது. எண் மட்டும்தான். ஒருத்தரும் கண்டுபிடிக்கேலாது.”

அவள் அந்த எண்ணைப் பார்த்தாள். “இது நான்தான்னு யாருக்குங்க தெரியும்?”

“மெற்றில்டா மிஸ்ஸுக்குத் தெரியும்.”

“அவங்க லீவுல போனா?”

“பணிப்பாளரும் திறக்கலாம்.”

“அவருக்குத் தொறக்கத் தெரியுமா?”

நானும் மெற்றில்டாவும் ஒருவரையொருவர் பார்த்தோம். லெட்சுமி சிரித்துவிட்டாள். நான் பார்க்க அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. பிறகு சேலை முந்தானையை இழுத்துச் செருகினாள்.

“எம்பேரையே போட்டுருங்க.”

“என்ன?”

“நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க. ஆனா அந்தாளுக்கு எம்பேரு தெரியும். ஊருக்கும் தெரியும். இப்ப ஒளிச்சு வச்சா, நா என்னமோ தப்புப் பண்ணுன மாதிரி இருக்கு. எம்பேரு, எங்கப்பா பேரு, ஊரு எல்லாம் போடுங்க.”

இந்தப் பெயரை மறைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எனக்குக் கோபம்கூட வந்தது. மெற்றில்டா என்னைப் பார்த்தாள். பெயர் யாருடையது? தலையாட்டினேன். அவள் தட்டச்சு செய்தாள். லெட்சுமி பக்கத்தில் நின்று ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தாள். “லெட்சுமிக்கு ‘ட்’ வரும், சரியாப் போடுங்க” என்றாள். முடிந்ததும் காதைக் கொடுத்துக் கேட்டாள்.

“அடிக்கலியே?”

“இது ஒருத்தருக்கும் அடியாது. தனி மெசின்.”

“யாருக்குமே கேக்காதா?”

“கேக்காது.”

யோசித்தாள். கதவைத் திறந்து வெளியே போனாள். நாங்கள் பின்னால் போவதற்குள் கூடத்தின் நடுவில் நின்றாள். குரல் நடுங்கவில்லை.

“நாந்தான் லெட்சுமி. வெள்ளாங்குளம். நேசன் மேல எழுதிக் குடுத்தது நாந்தான். கூரைத் தகரத்துக்கு என்னையத் தனியா வரச் சொன்னான். நா போவல. அதுக்குத்தான் எழுதுனேன்.”

ஐயா தன் அறை வாசலில் வந்து நின்றார். றிஸ்வான் எழுந்து தன் கதிரையை அவளுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தான். அவள் உட்காரவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எங்களிடம் சொல்லிவிட்டு, மூலையில் இருந்த தன் ஊர்ப் பெண்களைத் திரும்பிப் பாராமலே படியிறங்கிப் போனாள்.

பிறகு அந்த மூலையில் இருந்து ஒரு பெண், மடியில் இருந்த பிள்ளையைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு எழும்பினாள். மெற்றில்டாவிடம் வந்து மெல்லக் கேட்டாள்.

“மிஸ், அந்த ரூமுக்குள்ள போய்ப் பேசலாங்களா? எம்பேரு மட்டும் வெளிய வர வேணாம்.”

“வராது. வாங்கோ” என்றாள் மெற்றில்டா.

அன்று மாலைக்குள் அலுமாரிக் கணினியில் ஒரு பெயரும் மூன்று எண்களும் இருந்தன. நேசன் திரும்பி வரவில்லை.